யாருக்கும் சொந்தமில்லாத ஊரில் என் கல்யாணம்

தேதி குறிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் தகராறு தொடங்கிவிட்டது. எந்த ஊரில் வைப்பது என்பதுதான் கேள்வி. மன்னார்குடி என்றால் அது அம்மாவின் ஊர், அப்பா பக்கத்து ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள். சென்னை என்றால் அப்பா இருக்கும் இடம், தாய்மாமன் வரமாட்டார். திருப்பூர் மாப்பிள்ளை வீட்டார் ஊர். அங்கே வைத்தால் அவர்கள் 800 பேரையாவது அழைக்க வேண்டியிருக்கும். அந்த 800 பேரில் மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பமும் உண்டு. ஒரு தென்னந்தோப்பு பாகம் பிரித்ததில் அந்த இரண்டு வீட்டுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

என் அப்பாவும் அம்மாவும் பிரிந்து 14 வருடம் ஆகிறது. விவாகரத்துத் தீர்ப்பு வந்து 11 வருடம். அப்பா மறுமணம் செய்துகொண்டார், அவருக்குப் பத்து வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவன் எனக்குத் தம்பி. அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, குழப்பமெல்லாம் மற்றவர்களுக்கு.

2025 மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தரங்கம்பாடியில் எங்கள் கல்யாணம் நடந்தது. 94 பேர் வந்தார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை, யாரும் பந்தியிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இதே நிலையில் கல்யாணத்தை எதிர்நோக்கி இருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளியூர்க் கல்யாணம் என்றதும் அரண்மனை, கடற்கரை, ட்ரோன் கேமரா என்று நினைப்பார்கள். எங்களுக்கு அழகு இரண்டாவது காரணம்தான். இரண்டு பக்கத்துக்கும் உரிமை இல்லாத ஊர் ஒன்று வேண்டியிருந்தது. சொந்த ஊர் மண்டபத்தில் யாராவது ஒருவர் வீட்டுக்காரராகவும் மற்றவர் விருந்தாளியாகவும் ஆகிவிடுகிறார்கள். பிரிந்துபோன குடும்பத்தில் அந்த ஒரு வித்தியாசமே போதும், பழைய கணக்கெல்லாம் கிளம்பிவிடும். எல்லோரும் ரயில் ஏறி வந்து, எல்லோரும் வாடகை அறையில் தங்கினால், எல்லோரும் விருந்தாளிகள். அழைப்பவர்கள் நானும் அவரும் மட்டும்.

தரங்கம்பாடி என் மனதில் விழுந்தது திருக்கடையூரால். அம்மாவின் தோழிக்கு அங்கே அறுபதாம் கல்யாணம். அம்மாவோடு நானும் போயிருந்தேன். சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று அந்த ஊரில் தினமும் கல்யாணம்தான். பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் பார்த்துச் செய்வதால் ஆடி, மார்கழி என்றுகூட ஓய்வு கிடையாது. அதனால் சமையல்காரர், நாதஸ்வரம், மாலை, வாழைமரம், வேன், லிஃப்ட் உள்ள விடுதி என்று ஒரு கல்யாணத்துக்குத் தேவையான எல்லாமே அந்தச் சின்ன ஊரில் தயாராக இருக்கின்றன. வயதானவர்களுக்கு என்ன வேண்டும் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெந்நீர், மேற்கத்திய கழிப்பறை, காலை ஐந்து மணிக்குக் காபி எல்லாம் கேட்காமலே வரும். அங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதற்குப் பக்கத்திலேயே அலை வந்து மோதும் இடத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், அகலமான பழைய தெருக்கள். கூட்டமே இல்லாத கடற்கரை ஊர்.

கடலோரத்தில் தாலி கட்டுவது, தேவைக்கான எல்லாவற்றையும் திருக்கடையூரிலிருந்து எடுத்துக்கொள்வது என்று முடிவானது. இடம் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். படத்தில் அழகாகத் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில், கல்யாணம் நடத்திப் பழகிய ஊர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை குறையும். கோட்டைக்குள் சடங்கு வைக்கும் யோசனையை நாங்கள் எடுக்கவே இல்லை. அது தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள நினைவுச்சின்னம். கடலைப் பார்த்தபடி முற்றமும் தோட்டமும் உள்ள ஒரு பழைய வீட்டை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம்.

மாதம் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கடற்கரையில் கல்யாணம் வைப்பது ஆபத்தான விளையாட்டு. வடகிழக்குப் பருவமழை, புயல் எல்லாம் அப்போதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மன்னார்குடியில் எங்கள் தென்னைகள் விழுந்ததை நான் பார்த்தவள். மாசியில் மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. காலை ஆறரை முதல் ஏழரை வரை முகூர்த்தம் வைத்தோம். அந்த நேரத்தில் காற்று அடங்கியிருக்கும். பத்து மணிக்கு மேல் தரை சூடாகிக் கடற்காற்று எழும்பினால் குத்துவிளக்கும் நிற்காது, மைக்கும் கேட்காது. விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. அன்று ஏழு மணிக்கே காற்று எழுந்துவிட்டது.

இதெல்லாம் சுலபமான பகுதி. இனி மனிதர்கள்.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு, எல்லோரையும் சமாதானப்படுத்திவிட்டுக் கல்யாணம் செய்யலாம் என்று நினைத்தது. கல்யாணத்தைச் சாக்காக வைத்து 14 வருடக் காயத்தை ஆற்றிவிடலாம் என்ற ஆசை. மூன்று மாதம் ஃபோனில் அழுது, கெஞ்சி, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் இனிப்புத் தடவிச் சொல்லி ஓய்ந்துபோனேன். அப்போது மாப்பிள்ளைதான் ஒரு கேள்வி கேட்டார். “இவங்க எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல எவ்வளவு நேரம் இருந்தே ஆகணும்?” எண்ணிப் பார்த்தோம். தாலி கட்டும் நேரமும் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சமும் சேர்த்தால் ஒரு மணி நேரம். மீதி இரண்டு நாளில் அவர்கள் சேர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் கணக்குதான் எங்கள் கல்யாணத்தைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு எந்த முடிவானாலும், இது அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். சனிக்கிழமை மாலை கடற்கரையில் டீயும் பஜ்ஜியும். அது அப்பா குடும்பம், எங்கள் நண்பர்கள், மாப்பிள்ளையின் வயதொத்த உறவினர்களுக்கு. அதே நேரத்தில் அம்மா பக்கத்தினர் திருக்கடையூரில் அபிராமி சன்னிதியில் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இணைச்சீர் என்ற சடங்கைத் தங்கள் விடுதியிலேயே, மாப்பிள்ளையின் அக்காவை வைத்துச் செய்துகொண்டார்கள். கொங்குச் சீர்கள் நிறைய உண்டு, அதில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை. ஞாயிறு காலை எல்லோரும் சேர்ந்து ஒரு மணி நேரம். பிறகு சாப்பாடு இரண்டு இடத்தில்: கடலோர வீட்டில் ஒரு பந்தி, திருக்கடையூரில் ஒரு பந்தி. ஒரே சமையல்காரர், ஒரே சாப்பாடு. வயதானவர்களை வெயிலுக்கு முன் விடுதிக்கு அனுப்பிவிடுகிறோம் என்று காரணம் சொன்னோம். அது உண்மையும்தான். மாப்பிள்ளையின் பாட்டிக்கு 82 வயது, சக்கர நாற்காலியில் வந்திருந்தார்.

கலையும் நேரத்தைக்கூட ரயில்தான் முடிவு செய்தது. கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஜன் சதாப்தி இருக்கிறது. காலையில் அங்கே புறப்பட்டு மதியம் இங்கே வந்து, பிற்பகலில் திரும்பிவிடும். செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. சென்னைக்காரர்களுக்குச் சோழன் எக்ஸ்பிரஸ். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அதற்கு வேன். வண்டியைப் பிடிக்க வேண்டும் என்றதும் ஞாயிறு பன்னிரண்டரைக்கெல்லாம் எல்லோரும் பையை எடுத்துவிட்டார்கள். கல்யாண வீடுகளில் சண்டை வருவது பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து பேசும் நேரத்தில்தான். அந்த நேரமே எங்கள் கல்யாணத்தில் இல்லை.

டிக்கெட் எடுப்பதில் ஒரு சிக்கல் வந்தது. 120 நாள் முன்பே முன்பதிவு செய்யலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. அதனால் டிசம்பரில் முன்பதிவு திறந்த அன்று, காலை எட்டு மணிக்கு ஐந்து பேர் ஐந்து இடத்தில் உட்கார்ந்து பதிவு செய்தோம். யார் யாரோடு ஒரே டிக்கெட்டில் வரலாம் என்ற பட்டியலை முதல் நாளே எழுதி வைத்திருந்தோம். எங்கள் மாதிரிக் குடும்பத்தில் ஆறு மணி நேரம் எதிரெதிர் சீட்டில் யாரை உட்காரவைக்கிறோம் என்பதும் கல்யாண ஏற்பாட்டில் ஒன்று.

பத்திரிகை அடிப்பதில்தான் அதிக நாள் போனது. நம் ஊர்ப் பத்திரிகையின் அமைப்பே பெற்றோர் இருவரும் சேர்ந்து அழைப்பதாக இருக்கும். அப்பா பெயரைப் போட்டால் அம்மாவின் பெயர் எங்கே? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், பிரிந்தவர்கள் சேர்ந்துவிட்டதாக ஊர் பேசும் என்று அம்மாவுக்குக் கூச்சம். அம்மா பெயரை மட்டும் போட்டால் அப்பா என்ன செத்தா போய்விட்டார் என்று அத்தை கேட்டார். அத்தை கோபத்தில் கேட்டாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் நாங்கள் இருவருமே அழைப்பதாக எழுதினோம். “நாங்கள் இல்வாழ்க்கையில் இணைகிறோம், வந்து வாழ்த்துங்கள்” என்று எங்கள் பெயர். கீழே “ஆசி வழங்குவோர்” என்று ஒரு தலைப்பு. அதில் என் பாட்டி முதலில், பிறகு அம்மா, அப்பா, மாமா, அத்தை, அவருடைய வீட்டுப் பெரியவர்கள் என்று தனித்தனி வரியில். கணவன் மனைவி என்று ஜோடி சேர்க்கவில்லை, யாரையும் விடவும் இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை மட்டும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியே காட்டினேன். அச்சான பிறகு காட்டினால் அது அறிவிப்பு. முன்பே காட்டினால் அவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அடுத்தது மணமேடை. கன்னிகாதானம் செய்ய அப்பாவும் அம்மாவும் ஜோடியாக மணையில் உட்கார வேண்டும் என்பார்கள். முடியாதென்றால் சித்தப்பா சித்தி, மாமா மாமி என்று வேறு ஜோடியை உட்காரவைப்பார்கள். என்னைத் தனியாளாக வளர்த்த அம்மா கூட்டத்தில் ஓர் ஓரமாக நிற்க, வேறு யாரோ என்னைத் தாரை வார்ப்பதை நான் ஏற்கவில்லை. இதில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன், அது சரி என்றே நினைக்கிறேன். கன்னிகாதானம் இல்லாமல், தமிழ்முறையில், ஓதுவார் தேவாரம் பாட நடத்துவது என்று முடிவெடுத்தோம். பெரியவர்கள் சிலர், இப்படிச் செய்தால் செல்லுமா என்றார்கள். செல்லும். இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல், தமிழ்நாடு அதில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் அந்தத் திருமணம் செல்லும். புரோகிதரோ பெற்றோர் ஜோடியோ இருந்தே தீர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு முன் சுயமரியாதைத் திருமணங்களுக்காகக் கொண்டுவந்த அந்தப் பிரிவு, என் அம்மாவை மேடைக்குக் கொண்டுவர எனக்கு உதவியது. அதற்காக நான் மிகவும் நன்றியோடு இருக்கிறேன்.

அம்மா குத்துவிளக்கு ஏற்றினாள். தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டில் ஏந்திச் சபைக்குள் கொண்டுபோனதும் அம்மாதான். அப்பாவுக்கும் ஒரு வேலை வேண்டும் என்று யோசித்தோம். மேடையில் சும்மா நிற்கும் அப்பாவைப் பார்த்துத்தான் ஊர் பேசும், கையில் வேலை இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்று, சந்தனம் கொடுத்து, உட்காரவைக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். மாமா கொண்டுவந்த மாலையை நான் போட்டுக்கொண்டபோது அப்பா வாசலில் இருந்தார். தாலித் தட்டு வந்தபோது உள்ளே வந்தார். எல்லாரையும்போல அவரும் தொட்டு ஆசீர்வதித்தார். தட்டைப் பிடித்திருந்தது அம்மா. ஒரு நொடிதான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, நான் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா வந்தால் நான் வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டவர் அவர். ஃபோனில் பேசுவதை நிறுத்திவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிக்குப் போனேன். “மாமா, அப்பா வருவார். அவர்கிட்ட நீங்க பேசணும்னு நான் கேக்கல. உங்க மாலையத்தான் நான் போட்டுக்கப் போறேன், அது வேற யார் கைக்கும் போகாது. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அத்தை சாப்பாடு போட்டார், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள், மாலை ரோஜாவிலா சம்பங்கியிலா என்று ஒரே ஒரு வரி வாட்ஸ்அப்பில் வந்தது. மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். பிரிந்த குடும்பங்களில் கோபமாக இருப்பவர்கள் பலர், தங்கள் இடம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் இருக்கிறார்கள். அந்த இடத்தை உறுதி செய்தால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பணமும் இப்படித்தான். யார் பணம் கொடுக்கிறாரோ அவர் வார்த்தைக்கு எடை கூடிவிடும். அறை, சாப்பாடு, வேன், பந்தல் எல்லாம் எங்கள் இருவர் சேமிப்பிலிருந்தே செய்தோம். ஆறே முக்கால் லட்சம் ஆனது. பெரியவர்களிடம் பணமாக வாங்கவில்லை, பொருளாக வாங்கினோம், அதையும் நாங்களே பிரித்துக் கொடுத்தோம். அப்பா நாதஸ்வரம். அம்மா தாலியும் கூறைப்புடவையும். புடவை எடுக்க அம்மாவோடு மயிலாடுதுறை கூறைநாட்டுக்கே போனோம். கூறைப்புடவைக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. அந்த ஒரு நாளை மட்டும் நாங்கள் இருவருமாக வைத்துக்கொண்டோம். கல்யாண வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான்.

மொய் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. அம்மாதான் எடுத்தாள். 25 வருடமாக ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் மொய் எழுதியவள். 94 பேர் கல்யாணம் என்றால் அந்தக் கணக்கெல்லாம் என்ன ஆவது? பணத்தைவிட, தன் வீட்டு விசேஷத்துக்கு ஊர் வந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது. அதைத் தட்டக் கூடாது. கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மன்னார்குடியில் மதியச் சாப்பாடு போட்டு அம்மா 300 பேரை அழைத்தாள். அன்றைக்கு எல்லாமே அம்மா இஷ்டம், நாங்கள் போய் நின்றோம், அவ்வளவுதான். சின்னக் கல்யாணம் வைப்பவர்கள் பெரியவர்களுக்கு இப்படி ஒரு நாளைத் தனியே ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள். திருப்பூரிலும் அப்படியே ஒரு வரவேற்பு நடந்தது, அதில் நாங்கள் எதையும் கேட்கவில்லை.

சில விஷயங்கள் தவறின. தங்குமிடம் ஒன்றில், நாங்கள் எழுதிக் கொடுத்த அறைப் பட்டியலைப் பார்க்காமல், அப்பா குடும்பத்துக்கும் அம்மாவின் சித்தி குடும்பத்துக்கும் எதிரெதிர் அறைகளைக் கொடுத்துவிட்டார்கள். என் தோழி வெள்ளிக்கிழமை இரவே அங்கே போயிருந்ததால் கண்டுபிடித்தாள். சாவிகளை அவளே வாங்கிக் கவரில் போட்டு, பெயர் எழுதி, வருகிறவர் கையில் கொடுத்தாள். இதை முதலிலேயே நாம் செய்துவிட வேண்டும். 31 அறைச் சாவியை ஒருவர் கையில் வைத்துக்கொண்டாலே முதல் நாள் பிரச்சினைகளில் பாதி வராது. அந்தத் தோழியிடம்தான் சனிக்கிழமை மதியத்திலிருந்து என் ஃபோனும் இருந்தது. யார் அழைத்தாலும் அவள் பேசினாள். என் காதுக்கு வந்தது இரண்டே இரண்டு விஷயம்.

ஃபோட்டோ எடுப்பதில் மிகவும் கவனமாக இருந்தோம். மேடையில் நின்று “பொண்ணோட அப்பா அம்மா ரெண்டு பேரும் வாங்க” என்று ஒரு குரல் வந்தால் போதும். புகைப்படக்காரருக்கு எந்தெந்தக் குழு, யார் யார், எந்த வரிசையில் என்று 17 வரிப் பட்டியல் கொடுத்தோம். பெயர் சொல்லி அழைக்க வேண்டாம், மாப்பிள்ளையின் அக்கா வந்து கூட்டிக்கொண்டு வருவார் என்று சொல்லியிருந்தோம். அப்படியும் என் பெரியம்மா ஒருவர், நல்ல மனதோடுதான், அப்பாவையும் அம்மாவையும் சேர்ந்து நிற்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா உடனே, “பெரியம்மா, பாட்டிக்கு வெயில் படுது, கொஞ்சம் வாங்க” என்று அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அப்படிச் சட்டென்று பேச்சை மாற்றத் தெரிந்த ஒருவர் இரண்டு பக்கத்திலிருந்தும் வேண்டும். நெருங்கிய உறவாக இருந்தால்தான் முடியும், காசு கொடுத்து வைத்த ஆளால் முடியாது.

நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் அரை வட்டமாகப் போட்டதும் உதவியது. முதல் வரிசை என்று ஒன்று இல்லை, சோபாவும் இல்லை. யாருக்கு முன்னிடம் என்ற கேள்வியே எழவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்பாவின் மனைவியை நானே நேரில் போய் அழைத்தேன். அவர் சனிக்கிழமை மாலை வந்தார், கடற்கரையில் என் தலையில் பூ வைத்துவிட்டார். ஞாயிறு காலை அறையிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் நிம்மதி. அது தெரிந்து நானும் வற்புறுத்தவில்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்த ஒரு மணி நேரத்தைச் சுமுகமாக நடத்த, அதில் இடமில்லாமல் ஒருவர் அறையில் உட்கார்ந்திருந்தார். இதற்கு வேறு வழி இருந்ததா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். விட்டுக்கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொண்டு, அவர் வீட்டுக்குத் தனியே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் மறுவீடு முடிந்த வாரமே போனோம்.

பதிவை மறந்துவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வெளியூர்க் கல்யாணத்தில் எல்லோரும் அன்றே ரயில் ஏறிவிடுவதால் இது தள்ளிப்போகும், பிறகு சாட்சிகளைத் தேட வேண்டியிருக்கும். நாங்கள் திங்கட்கிழமை வரை தங்கி, பத்திரிகை, அடையாளச் சான்றுகள், புகைப்படம் எல்லாவற்றையும் சரிபார்த்து, விண்ணப்பத்தையும் சாட்சிகளையும் தயார் செய்துகொண்டுதான் கிளம்பினோம்.

ஆல்பம் மூன்று போட்டோம். ஒன்று மன்னார்குடிக்கு, ஒன்று சென்னைக்கு, ஒன்று எங்களுக்கு. எந்தெந்தப் படம் எந்த ஆல்பத்தில் என்று பிரிக்கும்போது, என் தம்பி நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று ஜால்ராவைக் கையில் வாங்கிப் பார்க்கும் படம் ஒன்று வந்தது. அவ்வளவு நல்ல படம். அம்மாவின் ஆல்பத்தில் அதை வைக்கலாமா என்று ஃபோனில் கேட்டேன். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் சொன்னாள்: “அந்தப் படத்தை வை. புள்ள என்ன பண்ணுச்சு.”